மணிக்கு ஒரு கோடு

காஞ்சிபுரம் பட்டுக்கடையில் நாத்தனாருக்கு முகூர்த்தப் புடவை எடுத்துவிட்டு இறங்கும்போது, லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது.

“மூச்சு முட்டிக்கினு வருது. அந்த மணியை அடிம்மா,” என்றாள் மாமியார் செல்லியம்மாள்.

தீபிகா பத்து முறை அழுத்தினாள். மணி அடிக்கவே இல்லை.

“எந்தப் பாவி செஞ்ச லிஃப்டோ!”

“லிஃப்ட்ல குறை இல்ல அத்தை, அதை ஓட்டுற புரோகிராம்லதான். இப்பல்லாம் அதை யாரும் எழுதுறதில்ல. கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டுக் கோடு இழுத்தா, அதுவே எழுதிக்கும்.”

“அப்போ மணிக்குக் கோடு இழுக்க மறந்துட்டானா?”

பொத்தானுக்கு மேலிருந்த கம்பெனிப் பெயரை தீபிகா அப்போதுதான் பார்த்தாள். அது அவள் வேலை பார்க்கும் கம்பெனி.

“இழுத்தேன் அத்தை. டெஸ்ட் பண்றப்போ ஓயாம அடிச்சு தலைவலியா இருந்துச்சுன்னு நான்தான் அழிச்சேன். திரும்பப் போடல.”