கல்லுக்கடியில் வில்லை

கல்லைப் புரட்டினான். பித்தளை வில்லை கிடந்தது.

அப்பாடா. சவரிமுத்து வந்துவிட்டுப் போய்விட்டான்.

மழைக்காலம் பிறந்தால் தினமும் விடியுமுன் கடலோரத் தண்டவாளத்தை ரயில்வே ரோந்துக்காரர்கள் இருவரும் இரு முனையிலிருந்து நடந்து பார்த்து நடுவில் சந்திக்க வேண்டும். அந்தப் பக்கம் பழுதில்லை என்பதற்குச் சவரிமுத்து கொண்டுவரும் வில்லைதான் சாட்சி. அது கைக்கு வந்தால்தான் இவன் காலை வண்டிக்குப் பச்சைக்கொடி காட்டலாம்.

கையில்தான் தர வேண்டும் என்பது சட்டம். "கல்லுக்கடியில வச்சிட்டுப் போ மச்சான். எதுக்கு ஒருத்தருக்கொருத்தர் காத்துக் கெடக்கணும்?" என்று வழி சொன்னது இவன்தான்.

வில்லையை எடுத்தான். விரலில் எறும்பு ஏறியது.

வில்லை முழுக்க எறும்பு. முட்டைகளோடு வந்து குடியேறியிருந்தன. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடுவது மழைக்கு முன்னால்.

மழை பிடித்தது நேற்றுச் சாயங்காலம்.

நேற்றே வைத்துவிட்டுப் போய் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான், படுபாவி. இரவெல்லாம் கடல் கொந்தளித்த பிறகு அந்தப் பக்கம் யாருமே நடக்கவில்லை.

போன் செய்தான். அடித்துக்கொண்டே இருந்தது. இடி விழுந்தாலும் எழாத ஆள்.

வண்டி ஊதியது.

சிவப்பை விரித்தான்.

வண்டி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"எங்கப்பா ஒடஞ்சிருக்கு?"

"தெரியல சார். பாத்துட்டுச் சொல்றேன்."

முன்னால் நடந்தான். வண்டி அவன் பின்னால் ஊர்ந்தது.

ஜல்லி கலையவில்லை. குறுக்குக் கட்டை அசையவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு ஏன் நிறுத்தினாய் என்பார்கள். எறும்பைச் சொன்னால் கல்லைச் சொல்ல வேண்டும். கல்லைச் சொன்னால் இருவருக்கும் வேலை போகும்.

எங்காவது உடைந்திருக்கட்டும், மாதாவே.

இப்படி வேண்டிக்கொண்டதை நினைத்து அவனுக்கே கூசியது. ஆனாலும் மறுபடி வேண்டிக்கொண்டான்.

வளைவு திரும்பினான்.

கீழே மண் இல்லை. கடல் அறுத்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினான். காப்பாற்றிவிட்டாய் தாயே என்று கண் கலங்கியது.

அப்புறம்தான் அக்கரையைப் பார்த்தான்.

அங்கே ஒரு சிவப்புக்கொடி நட்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

வண்டி இந்தப் பக்கமிருந்துதான் வரும். அதை நிறுத்த இங்கே வந்தாக வேண்டும் என்பது சவரிமுத்துவுக்கும் தெரியும்.

தொங்கும் தண்டவாளத்தின் நடுவில், ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டு, ரயில்வே கொடுத்த ஆரஞ்சுச் சட்டை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.