மண்திட்டில் ஒரு பருத்தி

சீனியம்மாள் தன் புஞ்சையின் விளிம்பில் நின்று குழிக்குள் பார்க்கிறாள். நாற்கரச் சாலைக்கு அந்தப் புஞ்சையிலேயே சரள் அள்ளிய குழி, மூன்று ஆள் ஆழம். எவ்வளவு அள்ளினார்கள் என்று அளப்பதற்காக நடுவே வெட்டாமல் விட்ட ஒற்றை மண்திட்டு மட்டும் பழைய தரையின் உயரத்தில் நிற்கிறது. உச்சியில் ஒரு சாண் கரிசல். செத்துப்போன புருஷன் கடைசியாக ஊன்றிய பருத்தியில் மிஞ்சிய ஒரே செடி, அதில் ஒரே காய். சாயங்கால வெயில் குழியை விட்டு ஏறி, அந்தச் செடியில் மட்டும் தங்கியிருக்கிறது. கீழே சர்வேயர் டேப்பைச் சுருட்டுகிறார். "அளந்தாச்சும்மா. நாளைக்குப் புல்டோசர் வந்து, கரையில குமிச்ச மண்ணோட இந்தத் திட்டையும் தள்ளி நிரவிரும்." குழியை மூடச் சொல்லி ஆறு மாதமாக மனுக் கொடுத்தவள் அவள்தான். காற்றில் பறக்கும் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிகிறாள்.

"ரெண்டு நா பொறுங்கய்யா. அந்தக் காய் வெடிச்சிரட்டும்."