ஒன்பதாவது நாற்காலி

"உங்க நாலு, என் ஒண்ணு. அஞ்சாச்சுன்னா சங்கம் உங்க கையில. என்ன சொல்றீங்கண்ணே?" தன் ஜவுளிக்கடையில் சேலையை மடித்தபடியே கேட்டார் ஏகப்பன்.

சேஷாசலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சைகோனில் ஆட்சி மாறிக்கொண்டே இருந்த அறுபத்தைந்தாம் வருஷம் அது. தமிழர் சங்கத்திலும் புது விதி வந்திருந்தது. வாங்கிய ஓட்டுக்குத் தகுந்தபடி இடம். ஒன்பதில் சேஷாசலம் அணிக்கு நாலு, பழனியப்பன் அணிக்கு நாலு. மிச்சம் ஒன்று ஏகப்பனுக்கு.

"பழனியப்பன் வந்தா கான் ஹொய்ல இருக்கற நம்ம சங்கத்து மருத்துவசாலையை மூடிருவார். தெரியும்ல?"

"தெரியும்ணே. காலையில அவரும் வந்தார். உபதலைவர் பதவி தர்றாராம். நான் உங்ககிட்ட பதவியா கேட்டேன்? என் கொழுந்தியா மக நர்சுக்குப் படிச்சிட்டுச் சும்மா இருக்கு. மருத்துவசாலை நர்சு வேலையை அதுக்குக் குடுங்க."

"ஜோசெட் பதினோரு வருஷமா அங்க இருக்காளே!"

"அது உங்க பாடு."

துறைமுகத்துக் காவல்காரர்கள், கிடங்கு ஆட்கள் எல்லோருக்கும் அந்த மருத்துவசாலைதான் கதி. ஒருத்தி போனாலும் அது மூடாமல் நடக்குமே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, "சரி" என்றார் சேஷாசலம். அன்று மாலையே தலைவரும் ஆனார்.

மறுநாள் பாலம் தாண்டி கான் ஹொய் போனார். ஜோசெட் ஒரு கிடங்குக்காரர் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் போகும்வரை காத்திருந்து, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

அவள் அழவில்லை. கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தாள். 'ஐயா' என்பதை அவள் எப்போதும் பிரெஞ்சில்தான் சொல்வாள்.

"ஏகப்பனா கேட்டார், முசியே? நல்லாத் தெரியுமா?"

"அவரேதான். உன்னை அனுப்ப எனக்கு மனசே இல்லம்மா. நீ தப்பு ஒண்ணும் பண்ணல. ஆனா அவர் இல்லாம எங்களால ஒண்ணும் பண்ண முடியல. அந்த ஆளுக்குன்னு பதினேழு பேர் ஓட்டுப் போட்டிருக்காங்களே, யாருன்னே தெரியல!"

"இந்தத் தெருக்காரங்கதான்" என்றாள் ஜோசெட். "எவர் தலைவரா வந்தாலும் என் வேலையில கை வைக்க விடமாட்டேன்னு சத்தியம் பண்ணார். அதை நம்பி, வீடு வீடாப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டதே நான்தான், முசியே."