இங்கிலாந்துக்காரி சொன்ன வழி

பேஸ்பால் மேட்ச் தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. ஒமாஹா நகரச் சாலையில் டுவேன் காரை விரட்டினான். பின் இருக்கையில் மாமியார் வெர்னா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"தயவுசெய்து இடதுபுறம் திரும்புங்கள்," என்று ஒரு பெண் குரல் பிரிட்டிஷ் உச்சரிப்பில் குழைந்தது. டுவேன் சொக்கிப்போய்த் திருப்பினான்.

"மைதானத்துக்கு நேராத்தானே போகணும்?" என்றாள் மனைவி ஜோலீன்.

"உன் போன்ல வழி சொல்ற லேடி இங்கிலாந்துக்காரி! அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"எங்கம்மா மட்டும் அவங்க தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு மூணு மாசமாக் கெஞ்சுறாங்க. காதுலயே போட்டுக்க மாட்டேங்கிற!"

"உங்கம்மா குரலும் இந்தக் குரலும் ஒண்ணா? பொழுதன்னிக்கும் பிரிட்டிஷ் சீரியல் பாக்குறாங்களே, கொஞ்சமாவது ஒட்டியிருக்கா?"

"வலதுபுறம் திரும்புங்கள்." திரும்பினான். "மீண்டும் வலதுபுறம்." திரும்பினான். "நிறுத்துங்கள்." நிறுத்தினான்.

எதிரே இருந்தது மைதானமல்ல, வெர்னாவின் தங்கை வீடு.

"அந்தப் போனை எடு!" என்று அலறினான்.

ஜோலீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அது வீட்ல சார்ஜ்ல கிடக்கு."

பின் இருக்கையிலிருந்து அதே தேன் குரல் வந்தது.

"மிக்க நன்றி, மாப்பிள்ளை. கதவைத் திறந்துவிடுங்கள்."