பெங்களூர்த் தமிழ்

1986. சுவிட்சர்லாந்தின் லுசேர்ண் நகர ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, இலங்கைத் தமிழன் தவபாலனுக்குக் காய்ச்சல். "முருகா, காய்ச்சலால வேலை போயிடுமோ" என்று பயத்தில் முனகினான்.

"உடம்பு சரியில்லையாப்பா?" தடுப்புக்கு அப்பாலிருந்து தமிழில் கேட்டார், அவன் இன்னும் பார்த்திராத சமையல்காரர்.

"ஓம் ஐயா. நீங்கள் இந்தியாவோ?"

"பெங்களூர்ல நாலு வருஷம் சிறையில இருந்தேன்."

"ஏன்?"

"இங்கிலீஷ்காரனோட சண்டை போட்டேன்."

சுதந்திரப் போராட்டத் தியாகி! தவபாலன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிடத் தயாரானான்.

ரசக் கிண்ணத்துடன் வந்தவருக்கு நீலக் கண்கள்.

"நான் எர்மின்யோ, இரண்டாம் உலகப் போர்ல இத்தாலிச் சிப்பாய். போர்க் கைதியா இருந்தப்ப, முகாம் சமையல்காரர் முனுசாமிகிட்ட ரசமும் தமிழும் கத்துக்கிட்டேன்."

கும்பிட எடுத்த கைகளாலேயே தவபாலன் கிண்ணத்தை வாங்கினான்.

"வேலை போகாது, முதலாளிகிட்ட நான் சொல்றேன். குடிச்சிட்டு ஏதாவது பேசுப்பா. தமிழ் கேட்டு நாற்பது வருஷமாச்சு!"