ஓடக்காரனின் முதுகு

படபடவென்று சீனவெடி வெடித்தது. தியேட்டர் வாசலில் கறுப்புப் பட்டி கட்டி நின்றவர்கள் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினார்கள்.

புகை விலகியபோது ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. இறங்கியவன் சஞ்சீவ்.

"அடேயப்பா, ஸ்டார் வந்துட்டாரு! விசில் அடிங்கடா!" என்று கேலியாகக் கத்திய கறுப்புப் பட்டிக்காரன் யுகேஷ், கையோடு கொண்டுவந்திருந்த விசிலை வாயில் வைத்து ஊதினான்.

ஷப்ராஸ் மட்டும் கத்தவில்லை. கையிலிருந்த அட்டையை இன்னும் உயர்த்திப் பிடித்தான். நேற்றைய பஸ்ஸில் பிடித்துக்கொண்ட கழுத்து விண்ணென்று வலித்தது.

'எங்கள் ஓடக்காரனைக் கொல்லாதே' என்று அந்த அட்டையில் இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் உள்ள தன் திரைச்சீலைக் கடையில், வந்த வாடிக்கையாளர்களை நிற்க வைத்துவிட்டு அவனே எழுதியது.

'பனிமுரசு' ஒன்பது பாகம் கொண்ட மாயக்கதை. கண்டியில் அதற்கு ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது என்றால் அதற்கு இரண்டு பேர்தான் காரணம். ஒருவன் ஷப்ராஸ். மற்றவன், இப்போது த்ரீவீலர்காரரிடம் மிச்சக் காசு வாங்கிக்கொண்டிருந்த சஞ்சீவ். மாநகர சபையில் கிளார்க். ஓய்வு நேரத்தில் நாடகம் போடுபவன்.

பள்ளிக்கூட நாட்களில் ஐந்தாம் பாகம் வந்தபோது கடையில் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருந்தது. யார் முதலில் படிப்பது என்று சண்டை. பொறுக்கமாட்டாமல் ஷப்ராஸ் புத்தகத்தை நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதியாக்கினான். முன்பாதி இன்னும் அவனிடம். பின்பாதி இன்னும் சஞ்சீவிடம்.

அந்தப் பின்பாதியில்தான் ஓடக்காரன் தன் சொந்த மகளை இறந்தவர்களின் கரையில் இறக்கிவிடுகிறான். இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடத்தைத் தள்ளுகிறான். ஒன்பது பாகத்திலும் அவன் யாரையும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதைப் படித்து அழாதவர்கள் வட்டத்தில் கிடையாது.

அது இப்போது படமாகிவிட்டது.

பாட்டு வைத்துவிடுவார்கள் என்று வட்டத்தார் பயந்தார்கள். பறக்கும் யானைகளை வெட்டிவிடுவார்கள் என்று பயந்தார்கள். ஓடக்காரனுக்கு ஒரு காதலியைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று றம்லத் டீச்சர் பயந்தார். எல்லாப் பயமும் பயந்து முடித்த பிறகுதான், ஓடக்காரனாக நடித்திருப்பது சஞ்சீவ் என்று தெரிந்தது. வட்டத்தில் ஒருவரிடமும் மூச்சுவிடாமல் போய் நடித்துவிட்டு வந்திருந்தான்.

ஷப்ராஸிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றே அவனை வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஷப்ராஸ் தூக்கினான். படத்தைப் பார்ப்பதில்லை என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினான். திட்டுவதற்காக ட்ரெய்லரை மட்டும் பார்த்தார்கள். அதில் ஓடக்காரனின் முதுகு மட்டும் வந்து மறைந்தது. 'முதுகுக்கே நடிக்க வரவில்லை' என்று ஷப்ராஸ் முகநூலில் எழுதினான்.

நேற்று கொழும்பில் முதல் காட்சி. தனக்குப் பக்கத்து இருக்கையின் டிக்கெட்டை சஞ்சீவ் அனுப்பியிருந்தான். ஷப்ராஸ் அதைச் சுக்குநூறாகக் கிழித்து, படம் எடுத்துக் குழுவில் போட்டான். சஞ்சீவுக்குத் தனியாக ஒரு செய்தியும் போனது: 'புத்தகத்தின் மற்றப் பாதியைக் கொண்டு வந்து தா. இனி நீ யாரோ, நான் யாரோ.'

பிறகு, நேற்றுக் காலை, கலஹாவில் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் விசேஷம் என்று வட்டத்தாரிடம் சொல்லிவிட்டுக் கடையை மூடினான்.

இன்று கண்டியில் முதல் காட்சி. சஞ்சீவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே ஷப்ராஸிடம் வந்தான். பைக்குள் கைவிட்டு அந்தப் பாதியை எடுத்து நீட்டினான். முன்னட்டை இல்லாமல், நூல் பிரிந்து தொங்கியது.

"கேட்டியே. இந்தா."

"கீழ வெச்சிட்டுப் போ. உன்ட மூஞ்சப் பாக்க ஏலா."

றம்லத் டீச்சர் குறுக்கே வந்தார். "ஏன் தம்பி, ஒங்களுக்கு நடிக்க வேற கதையே கெடைக்கல்லயா? எங்கட கதையத்தானா கெடுக்கணும்?"

"எனக்கும் இது நம்ம கதைதான் டீச்சர். யாரோ ஒருத்தன் வந்து கெடுக்கிறதுக்கு முந்தி, நம்ம ஆள் ஒருத்தன் உள்ள இருக்கட்டும்னுதான் போனேன்."

"உள்ள இருந்து என்னத்தடா கிழிச்ச?" ஷப்ராஸ் கத்தினான். அட்டையைத் தரையில் வீசினான். "பாட்டு வெச்சாலும் பொறுத்துக்குவேன். யானைய வெட்டினாலும் பொறுத்துக்குவேன். மகள எறக்கிட்டு, துடுப்பக் கீழ போட்டுட்டு, ஒருக்கா திரும்பிப் பாத்தியே! கண்ணு ரெண்டும் நெறஞ்சு, வாயத் தொறந்து ஒண்டும் சொல்லாம... அந்தப் பார்வை புத்தகத்தில எந்தப் பக்கத்தில ஈக்கி? சொல்லு! எந்தப் பக்கத்தில ஈக்கி?"

யுகேஷ் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

றம்லத் டீச்சர் மெல்லத் திரும்பி ஷப்ராஸின் முகத்தைப் பார்த்தார்.

தியேட்டருக்குள் முதல் மணி அடித்தது.

புத்தகத்தை வாங்க ஷப்ராஸ் கையை நீட்டினான். சஞ்சீவ் கொடுக்கவில்லை. பிரிந்த தாள்களை ஒழுங்காக அடுக்கி, அந்தப் பாதியைத் திரும்பவும் தன் பைக்குள் வைத்து மூடினான்.

"பக்கத்து சீட்டு படம் முடியிற வரைக்கும் காலியாத்தான்டா இருந்திச்சு. நீ எங்க ஒக்காந்திருந்த மச்சான்?"