துதிக்கை ஒடிந்த எழுத்து

சிறிய அச்சுக்கூடங்களுக்குச் சர்க்கார் புது அச்செழுத்து இனாமாகத் தருகிறது என்று, நாற்பத்திரண்டு அக்டோபரில் ஓர் அதிகாரி வந்து நின்றதும், ஆரப்பாளையம் தனிஸ்லாஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"சும்மா குடுக்கிறவுகளை நம்பாதீக," என்று மனைவி பிலோமினாள் உள்ளேயிருந்து முணுமுணுத்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"தேஞ்ச எழுத்தா இருந்தாத்தான் உதவி," என்றார் அதிகாரி.

"அம்புட்டும் தேஞ்சதுதாங்கய்யா! இந்த 'ளை'யைப் பாருங்க. ஆனைத் துதிக்கையாட்டம் முன்னால சுழிச்சு நிக்குமே, அது ஒடிஞ்சே போச்சு. கலியாணப் பத்திரிகையில மாப்பிள்ளையெல்லாம் மூளியா நிக்கிறாக!"

அதிகாரி சிரிக்கவில்லை.

"வேற அச்சாபீஸ்லயும் இப்படி ஒடிஞ்சிருக்குமோ?"

"மதுரையிலயே இருக்காதுங்கய்யா. என்னையாட்டம் இல்லாதப்பட்டவன் எவன் இருக்கான்?"

"அச்சடிச்சுக் காட்டும்."

தனிஸ்லாஸ் மை தடவி, தாளில் ஒற்றிப் பணிவாக நீட்டினார்.

அதிகாரி தம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தார். பின்புறம் சுவர்ச் சுண்ணாம்பும் பசையும் காய்ந்திருந்தன. இரண்டு மாதத்துக்கு முன், கதவைச் சாத்திக்கொண்டு தனிஸ்லாஸ் அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸ்.

'வெள்ளையனே வெளியேறு' என்றிருந்தது. 'ளை'க்குத் துதிக்கை இல்லை.